ஒன்பது பேருக்கு ஒரு ஜோடிக் கண்

கடல் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் உப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும் நெடுமுனையில், அளத்தில் வேலை செய்த ஒன்பது பொம்பளைகளுக்கு ஒரே காலையில் கண்ணிமை மூடாமல் போனது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள்தான் ‘அதெப்படி’ என்பார்கள்; ஊர்க்காரர்கள், அந்த வருசம் வாடைக்காத்து கூடுதல் என்பதைப்போல அதற்கும் ஒரு ஆமா போட்டுவிட்டு, அதற்கு முன்னால் நடந்த போட்டோ விஷயத்துக்கு வருவார்கள், அதைச் சொல்லும்போதுதான் அவர்கள் குரல் ஏறும்.

போட்டோ விஷயம் இதுதான். அளத்து முதலாளி தர்மலிங்கத்திடம் உப்பு வாங்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வருகிறவர்கள் உப்பைப் பார்ப்பதற்கு முன்னால் உப்பு வாருகிறவர்களைப் பார்ப்பார்களாம், அவர்கள் காலில் பூட்ஸ் இருக்கிறதா, கையில் உறை இருக்கிறதா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். உப்பளத்தில் வெயில் ஒன்றல்ல, இரண்டு. மேலே இருந்து ஒரு வெயில் இறங்கும், கீழே பாத்தியில் விளைந்து கிடக்கும் வெள்ளையிலிருந்து இன்னொரு வெயில் ஏறும், இரண்டும் சந்திக்கிற இடத்தில் மனுசிக்குக் கண் இருக்கும். ஒன்பது பேரில் ஒருத்தியான பிச்சக்கனியின் அக்கா சொர்ணம், தலை நரைக்கும் முன்னாலேயே பார்வை போய், இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து கருவாட்டைத் தடவித் தடவித் தரம் பிரிக்கிறாள். பிச்சக்கனிக்கும் வலது கண்ணில் ஒரு வெள்ளை, அரிசி நொய் அளவுக்கு விழத் தொடங்கியிருந்தது. அதனால் கணக்கப்பிள்ளை ஒரு சாக்கு நிறையக் கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்து கொட்டியபோது மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, எடுத்து மாட்டிக்கொண்டு பாத்தியைப் பார்த்தாள், வெள்ளை முழுக்க அடங்கி, மழைக்கு முந்தின சாயங்காலம் மாதிரி உலகம் குளிர்ந்து நின்றது.

“கண்ணாடிய நெத்திக்கு ஏத்துங்க தாய்மாரே, மூஞ்சி தெரிய வேண்டாமா?” என்றார் ஸ்டுடியோ மூக்காண்டி. ஊருக்கு ஒரே ஸ்டுடியோ அவருடையது, அதுவும் முதலாளியின் கட்டடத்தில்.

ஏற்றினார்கள். அவர் பொத்தானை அமுக்கினார். ஒன்பது ஜோடிக் கண்ணும், யாரோ சாட்டை சொடுக்கியதுபோல, ஒரே சமயத்தில் இறுக மூடிக்கொண்டன. மறுபடி எடுத்தார், மறுபடி மூடின. “கொஞ்சம் பொறுத்துக்கிடுங்களேன்” என்றார். “நீரு இங்க வந்து நின்னு பொறுத்துப் பாரும்” என்றாள் எஸ்தர், ஒன்பது பேரில் இளையவள், வாய்க்கு வரப்பு கட்டாதவள். வெயில் ஏறியது, முதலாளிக்குப் பொறுமை இறங்கியது, “எடுத்தது போதும், மிச்சத்தை நீ கம்ப்யூட்டர்ல பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கணக்கப்பிள்ளை அதே சாக்கை விரித்துப் பிடித்தார். “படம் முடிஞ்சிட்டு. கழத்துங்க, கழத்துங்க.”

“எதை?”

“கண்ணாடியத்தான். முதலாளி பொருளுல்லா.”

“எங்க கண்ணு யாரு பொருளு?” என்றாள் பிச்சக்கனி. அவர் அவள் நெற்றியிலிருந்து உருவினார், கண்ணாடியோடு நாலு முடியும் போயிற்று. சாக்கு ஆபீஸ் பரணில் ஏறியது.

மூக்காண்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மூடின கண்ணைத் திறப்பது அவருக்குப் புதிது இல்லை. கல்யாண வீட்டுக் கூட்டப் படத்தில் ஒரு சித்தப்பா கண் மூடியிருந்தால், அடுத்த படத்தில் திறந்திருக்கும் அதே சித்தப்பாவின் கண்ணை வெட்டி ஒட்டிவிடுவார். ஆனால் இந்த ஒன்பது பேருக்கும் ஒட்டுவதற்குக் கண்ணே கிடைக்கவில்லை. ரேஷன் கார்டு, காதுகுத்து, சீமந்தம், எல்லாவற்றுக்கும் அவர்தான் படம் எடுத்திருந்தார். தேடிப் பார்த்தால் எல்லாவற்றிலும் அளத்துப் பொம்பளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டும் பாதி மூடிக்கொண்டும்தான் இருந்தார்கள், நிழலில் நின்றபோதுகூட. மணப்பெண்களின் கண்ணை வைத்துப் பார்த்தார், மை தீட்டிய அந்தக் கண்கள் உப்புக் காய்ந்த முகத்தில் திருடி மாட்டிய கம்மல் மாதிரி இருந்தன. முதலாளி போனுக்கு மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், போன வருசக் கோயில் கொடைக்கு எடுத்த முப்பிடாதி அம்மனின் படம் கண்ணில் பட்டது. அகலமான கண், நேரான பார்வை, கூச்சம் இல்லை. வெட்டினார், ஒன்பது முகத்திலும் ஒட்டினார். என்ன பொருத்தம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கும்பிட வேண்டியதைக் கும்பிடாமல், அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ‘எங்கள் தொழிலாளர்கள், எங்கள் குடும்பம்’ என்ற எழுத்தோடு பெரிய போர்டாக அதைத் தூக்கி நிறுத்திக் கம்பி கட்டின நேரத்தில், அளத்தில் ஒன்பது பேரும் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். பிச்சக்கனி கண்ணை மூடித் திறக்கப் போனாள், மூடவில்லை. திரும்பிப் பார்த்தாள். எட்டுப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், எட்டுப் பேரின் கண்ணிலும் இமை, கதவில்லாத நிலைபோல, மேலேயே நின்றது.

“எக்கா, ஒனக்குமா?” என்றாள் எஸ்தர்.

“எனக்கும்தான். வாரு, வாரு, உப்பு நிக்காது” என்றாள் பிச்சக்கனி.

நெடுமுனை அதையும் வாங்கி வைத்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இப்படியே வெயிலில் நின்றால் மழைக்காலம் பிறப்பதற்குள் கண்மணி காய்ந்துவிடும், அதற்கப்புறம் தன்னால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி, வெயிலில் நிற்காதே என்றும் சொன்னாள். உப்பளத்தில் வேறு எங்கே நிற்பது என்று சொல்லவில்லை. பிச்சக்கனிக்குக் கண்ணீர் வழிந்து வழிந்து கன்னத்திலேயே காய்ந்து வெள்ளைக் கோடானது, சொர்ணம் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “நம்ம அளத்து உப்புதாம்ட்டி” என்றாள். தூக்கம் வந்தது, கண் மூடாத தூக்கம், பாயில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே வரும் தூக்கம். அது தூக்கம் மாதிரி இருந்ததே தவிர எழுந்தபோது உடம்பு அதை ஒத்துக்கொள்ளவில்லை.

“என்னயவே பாத்துக்கிட்டு கிடக்கியே, எனக்கு எப்படித் தூக்கம் வரும்?” என்றான் அவள் புருசன் சுடலைமுத்து.

“கட்டுன நாள்ல இருந்து நீரு பாக்காததுக்கும் சேத்து நான் பாக்கேன், கிடயும்” என்றாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்பது பேரோடும் கண் கொட்டாமல் பார்க்கும் போட்டி போட்டுத் தோற்றார்கள். பால்காரர் அவர்கள் தெருவுக்கு வரும்போது மட்டும் தண்ணீர் கலக்காத பாலைக் கொண்டுவந்தார், யாரும் கேட்கவில்லை, அவராகத்தான். மீன் விற்கிறவள் தராசைத் தட்டி நேராக்கினாள். எஸ்தர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார, பாஸ்டர் “கண்களை மூடி ஜெபிப்போம்” என்று தொடங்கி, அவளைப் பார்த்துவிட்டு, “முடிந்தவர்கள்” என்று சேர்த்துக்கொண்டார், பிரசங்கத்தில் பாதியை விழுங்கிவிட்டார். கோயில் பூசாரியோ தினமும் காலையில் விளக்கைத் தூக்கிப் பிடித்து அம்மனின் முகத்தைப் பார்த்து, கண் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மணி அடித்தார்.

ஏனென்றால் விஷயம் வெளியே வந்துவிட்டது. பிச்சக்கனிதான் பஸ் நிறுத்தத்தில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தவள். செவ்வாய்க்குச் செவ்வாய் எதிரே நின்று கும்பிடுகிற கண்ணை அவளுக்குத் தெரியாதா? நேரே ஸ்டுடியோவுக்குப் போனாள். மூக்காண்டி அவள் கண்ணைப் பார்த்தார், எழுந்து நின்றார், செருப்பைக் கழற்றினார்.

“செருப்பைப் போடும் அண்ணாச்சி. செஞ்சதைச் சொல்லும்.”

சொன்னார். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கம்ப்யூட்டரில் பழைய மூடின கண்களைத் திரும்ப வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. “போர்டுல இருக்குதுதான் ஊர் பாக்குத படம், தாயி. அது மாறுனாத்தான் இது மாறும்னு தோணுது. முதலாளி சொல்லாம நான் அதத் தொட்டா, நாளைக்கு எனக்குக் கடை இருக்காது.”

“எனக்குக் கண்ணு இருக்காது” என்றாள் பிச்சக்கனி.

அம்மனின் கண்தான் என்று தெரிந்ததும் ஊர் அதற்குத் தோதாகத் தன்னைத் திருப்பிக்கொண்டது. சாமிக்குத்தானே இமைக்காது! பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், அளத்து வரப்பில் வரிசை கட்டி நின்று, உப்பு வாருகிற பொம்பளைகளின் காலில் விழுந்தார்கள், வெள்ளியில் செய்த கண்மலரைக் காணிக்கை வைத்தார்கள். எஸ்தர் காலிலும் விழுந்தார்கள். “நான் வேதக்காரிங்க” என்று அவள் தள்ளித் தள்ளிப் போனாள், “எந்த வேசத்துலயும் வருவா தாயி” என்று சொல்லிக்கொண்டே அவர்கள் தொடர்ந்து போனார்கள். உலகம்மாள் என்று ஒருத்தி, புருசனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தவள், அவளுக்கு மட்டும் இது பிடித்திருந்தது. ஆள் ஆளாய்ப் பொங்கலும் சுண்டலும் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்கள்.

தர்மலிங்கம் முதலில் பயந்தார், பிறகு யோசித்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவரே மேளத்தோடு அளத்துக்கு வந்தார், ஒன்பது பேர் கழுத்திலும் மாலை போட்டார், ஊர் பார்க்க நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், எழுந்து, “இது என் அளத்துக்கு அம்மன் குடுத்த வரம்” என்று பேசினார். கூட்டம் குலவை போட்டது. குலவை ஓய்ந்ததும் பிச்சக்கனி, “முதலாளி, அந்தக் கண்ணாடி” என்றாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமிக்கு எதுக்கு தாயி கண்ணாடி? கண்ணு கூசுதது மனுசருக்குல்லா!” கூட்டமும் ஆமாம் ஆமாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் வழக்கம்போல வெயில் ஏறியது, வழக்கம்போல ஒன்பது சாமியும் உப்பு வாரின, கணக்கப்பிள்ளை தூரத்தில் குடைக்குக் கீழே நின்று, “சாமி, அந்த மூலைப் பாத்தி மிச்சம் கிடக்கு பாருங்க” என்று பணிவாகச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி பிச்சக்கனியை ஆபீசுக்குக் கூப்பிட்டார், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. “வெளிநாட்டுக்காரங்க இந்த வாரம் வாராங்க. நான் போர்டை மாத்திருதேன், உங்க பழைய கண்ணு உங்களுக்கு வந்துரும். நீ அவங்க முன்னால கண்ணாடி, பூட்ஸுன்னு ஒத்தை வார்த்தை பேசக்கூடாது. கண்ணை மூடித் தாரேன், வாயை மூடிக்கிடணும்.”

வலது கண்ணில் வெள்ளை இப்போது மிளகளவு. அந்த வெள்ளைக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது முதலாளியின் முகம் பாதி இல்லாமல் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே தூங்கலாம், தூக்கம் என்கிற அந்தக் கறுப்புக் கிணற்றுக்குள் கல்லைப்போல இறங்கலாம். ஆனால் தூங்கி எழுந்து போகிற இடம் அதே பாத்தி, அதே இரண்டு வெயில், வெறும் கண், கடைசியில் சொர்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கூடைக் கருவாடு.

“கேட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

அம்பாரமாகக் குவித்த உப்புக்கு நிழல் பக்கம் ஒன்பது பேரும் கூடினார்கள். “மாத்தச் சொல்லுட்டி, தூங்கிச் சாவோம்” என்றார்கள் சிலர். “மாத்த வேண்டாம்” என்றாள் உலகம்மாள், “இப்பதான் மொதமொதல்ல ஒருத்தன் எனக்குச் சோறு போட்டுக் கும்பிடுதான். கெடுக்காதிய.”

“கண்ணு போனா சோத்துல கல்லு கிடக்கா புழு கிடக்கான்னு எப்படிப் பாப்ப, மயினி?” என்றாள் எஸ்தர்.

உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா என்று சொல்ல முடியாது, எல்லாருக்கும்தான் வழிந்துகொண்டிருந்தது.

“நம்மள சாமின்னு சொன்னது யாரு?” என்றாள் பிச்சக்கனி. “விழுந்து கும்பிட்டது யாரு? சாமின்னா கொடைக்கு ஊர்வலம் போகும்லா? வீட்டு வாசலுக்கு வந்த சாமிய ஒருத்தன் போன்னு சொல்லிருவானா?”

செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்பது பேரும் தலைக்குக் குளித்து, முதலாளி போட்ட மாலை வாடியிருந்தாலும் அதையே கழுத்தில் போட்டுக்கொண்டு, அளத்துக்குப் போகாமல் ஊருக்குள் நடந்தார்கள். எஸ்தர் முன்கூட்டியே பாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். அவர், “யேசுவும் கோயில்ல வியாபாரம் பண்ணினவன விரட்டினாரும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினாராம். தெருத்தெருவாக ஆள் சேர்ந்தது, மேளக்காரன் கூப்பிடாமலே வந்தான், வேனில் வந்தவர்கள் வேனைத் திருப்பினார்கள். தர்மலிங்கத்தின் வீட்டு வாசலில் போய் வரிசையாக, படத்தில் நின்ற அதே வரிசையாக, உட்கார்ந்து வீட்டைப் பார்த்தார்கள். முதலாளியம்மா பதறி ஓடிவந்தாள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள், ஆரத்தி எடுத்தாள். “ஏங்க, சாமி வீடு தேடி வந்துருக்கு, நீங்க உள்ள என்ன செய்தீய?”

அவர் உள்ளே சோற்றுத் தட்டின் முன்னால் இருந்தார். ஜன்னல் வழியாக ஒன்பது ஜோடிக் கண் தெரிந்தது. கதவைச் சாத்தினார், கதவுக்குப் பின்னாலும் அது இருப்பது தெரிந்தது. பின்வாசல் வழியாகப் போனார், அங்கே உலகம்மாள் எழுந்துவந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கையை நீட்டவில்லை, கோஷம் போடவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். வெயில் உச்சிக்கு வந்தபோது அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு முன்வாசலுக்கே வந்தார்.

“பிச்சக்கனி, என்ன வேணும் ஒனக்கு? எந்திரி.”

ஊர் ‘ஹா’ என்றது. சாமியை எந்திரி என்கிறாரே!

பிச்சக்கனி எழுந்திருக்கவில்லை. சாமி வந்து ஆடுகிறபோது சாமி யாரையும் நீங்க என்று சொல்லாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அளத்தில் பிறந்து அளத்தில் வளர்ந்த ஒருத்தி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது, மேளக்காரனின் கை தோலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

“ஏலே தர்மலிங்கம்.”

அவர் முகம் செத்துப்போனது.

“எனக்குக் கண்மலர் வேண்டாம். பொங்கல் வேண்டாம். பரண்ல சாக்குல கட்டி வச்சிருக்கியே, என் பிள்ளைகளுக்குன்னு வாங்குன கண்ணாடி, அதை எடுத்துட்டு வா. கணக்கப்பிள்ளைய அனுப்பாத. நீயே தலையில வச்சுச் சுமந்துட்டு வா.”

குலவை எழும்பியது. அது ஓட்டு வீட்டு மேல் காக்காய்களையெல்லாம் கிளப்பிவிட்டது. முதலாளியம்மா புருசனின் கையைப் பிடித்து, “போங்க, போய் எடுத்துட்டு வாங்க, குடும்பத்துக்கு ஆகாது” என்று அழுதாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். சாமி என்று தன் வாயாலேயே சொல்லி விழுந்து கும்பிட்டதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். சாமி இல்லை என்று இனிச் சொன்னால், மனுசிதான் என்றால் அவளுக்கு ஏன் கண்ணாடி கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் அவர் கட்டின வரப்பு. நடந்து போனார், சாக்கைத் தலையில் சுமந்து வந்தார், தூசி அவர் சட்டையெல்லாம்.

பிச்சக்கனி சாக்கை அவிழ்த்து எட்டுப் பேருக்கும் கொடுத்தாள், தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாள், மிச்சத்தைக் கூட்டத்தில் நின்ற மற்ற அளத்துப் பொம்பளைகளிடம் நீட்டினாள். பிறகு மாலையைக் கழற்றி முதலாளியின் காலடியில் வைத்தாள்.

“சாமி மலையேறிட்டு முதலாளி. இனி மனுசி பேசுதேன், நீங்கன்னே சொல்லுதேன். அந்தப் படத்தை மாத்துங்க. எங்க கண்ண எங்களுக்குக் குடுங்க.”

“மூடுன கண்ணோட படத்தையா? வாங்க வாரவன் என்ன நினைப்பான்?” அவர் குரல் கெஞ்சுவது மாதிரியே இருந்தது.

“கூசுதுன்னு நினைப்பான்.”

“நெத்தியில கண்ணாடி, கண்ணு மூடிக்கிடக்கு. அசிங்கமா இருக்காது?”

“இருக்கும்” என்றாள் பிச்சக்கனி. “எங்களுக்கு இல்ல.”

முதலாளி சரி என்று தலையசைத்ததும், மூக்காண்டி அச்சடித்துக்கொண்டுவந்து, தானே ஏணி வைத்து ஏறி ஒட்டினார். ஒவ்வொரு முகமாகப் போர்டில் ஏற ஏற, கீழே நின்ற ஒவ்வொருத்திக்கும் இமை இறங்கியது. எஸ்தர் இமைத்து இமைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் வராத சத்தத்தில் சிரித்தாள். உலகம்மாளின் முறை வந்தபோது மூக்காண்டி ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஒட்டும், ஒட்டும்” என்றாள். எஸ்தர் அவள் தோளில் கையைப் போட்டு, “இன்னைக்கு நம்ம வீட்டுல மீன் குழம்பு மயினி, கும்பிட மாட்டேன், ஆனா போடுவேன்” என்றாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து அந்தப் போர்டுக்குக் கீழேதான் காரை நிறுத்தினார்கள். ஒன்பது பொம்பளைகள் முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவ்வளவு பெரிதாக நின்றதைப் பார்த்து, இது ஏன் என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேறு ஆள் இல்லாததால் தர்மலிங்கமே சொல்லவேண்டியிருந்தது. “வெயில்” என்றார்.

அவர் அதைச் சொன்ன நேரத்தில் பிச்சக்கனி அங்கே இல்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, அம்பாரத்து நிழலில், கறுப்புக் கண்ணாடியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மல்லாந்து படுத்திருந்தாள். வலது கண்ணின் வெள்ளை இனிப் போகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள், கண்ணாடி போட்டிருந்தால் அது இருந்தபடியே இருக்கும், வளராது. அவள் இமையைத் தானாகவே, மெதுவாக, தன் கையால் தன் வீட்டுக் கதவைச் சாத்துகிறவளைப்போலச் சாத்தினாள். கறுப்பு வந்தது. கணக்கப்பிள்ளை வரப்பில் ஓடிவந்து, “ஏ பிச்சக்கனி, எந்திரி, அவங்க பாக்க வாராங்க, கண்ணைத் திற” என்று கத்தினார், தலைமாட்டில் நின்று கத்தினார், அவர் பின்னால் பூட்ஸ் கால்கள் உப்பை நொறுக்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது, அத்தனையும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

அவள் திறக்கவில்லை.